வியாழக்கிழமைக்குள் ஒரு கேசிங்

— அப்போ இதுவும் பேடா, வேண்டாம். திருப்பி அனுப்பிடு.

— அனுப்பத்தான் வேணும் நிருபமா. இது ரெண்டரை அங்குல கேசிங். லேப்டாப் டிஸ்க்தான் இதுக்குள்ள போகும். நம்ம டிஸ்க் பழைய டெஸ்க்டாப்லேர்ந்து கழட்டினது. மூன்றரை அங்குலம்.

— ஆர்டர் போடும்போது அளவு பாக்கலயா? நீயா?

— எது சீக்கிரம் சூடாகும், எது ஆகாதுன்னு ரிவ்யூ எல்லாம் படிச்சேன். அளவை மட்டும் விட்டுட்டேன்.

— ஸ்ரீகண்டன், அல்சூர்ல எங்க அக்கா வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி கசவனஹள்ளிக்கு வரேன். இந்த ஒரு டிஸ்க்குக்காக. பீரோ பிரிச்சாச்சு, பாத்திரம் பிரிச்சாச்சு. உங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த வெள்ளிக் குத்துவிளக்குகூட ஆய்த்து. ஆளுக்கு ஒண்ணு.

— ஜோடியாத்தான் ஏத்தணும்னு அம்மா வருத்தப்பட்டாங்க. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு.

— இருக்கட்டும். வியாழக்கிழமை ஃபேமிலி கோர்ட்டுல கடைசி ஹியரிங். பிரிச்சுக்க இனிமே எதுவும் பாக்கி இல்லன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் டிவோர்ஸ். ஷோபா மேடம் தெளிவா சொல்லிட்டாங்க.

— வக்கீல் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. அதனாலதான் அவசரமா தேடறேன்.

— கம்ப்யூட்டர் செத்துப்போன நாளா நீ அவசரமாத்தான் தேடற.

— மதர்போர்டுதான் போச்சு. டிஸ்க் நல்லா இருக்கு. கல்யாணத்துலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான். சரியான கேசிங் கிடைச்சா டிஸ்க்கை அதுல மாட்டி, கேபிள் சொருகி, உனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுத்துடுவேன்.

— எஸ்.பி. ரோடுல எந்தக் கம்ப்யூட்டர் கடையில குடுத்தாலும் உக்கார வச்சு காப்பி போட்டுத் தருவான்.

— கடையில குடுக்கக் கூடாதுன்னு நீதான் சொன்னே. கோகர்ணத்துல எடுத்ததெல்லாம் அதுல இருக்குன்னு.

— சரி, கடை பேடா. மேல சொல்லு.

— சல்லடை போட்டுச் சலிச்சு ரெண்டுல வந்து நிக்கறேன். ஒண்ணு பிளாஸ்டிக், ஃபேன் கிடையாது. இன்னொண்ணு அலுமினியம், ஃபேன் உண்டு. ஆனா அந்த ஃபேன் முனகும்னு ஒருத்தர் எழுதியிருக்கார்.

— யாரு?

— ஹூப்ளிக்காரர் ஒருத்தர். ரொம்ப நிதானமா எழுதறார். அவர் வாங்கின மத்த சாமானுக்கு எழுதினதையும் தேடிப் படிச்சேன். குக்கர், ஏணி.

— ஏணி எப்படி இருக்காம்?

— லேசா ஆடுதாம்.

— அலுமினியமே வாங்கு. ஆய்த்து.

— அதுலயும் ஒரு கேள்வி இருக்கு. ஒரு டிஸ்க் போடற மாதிரியா, ரெண்டு டிஸ்க் போடற மாதிரியா. ரெண்டுன்னா, ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் தானா பதிஞ்சுடும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும்.

— ரெண்டு டிஸ்க்கும் ஒரே டப்பாவுல குடித்தனம் பண்ணும். நாம ரெண்டு வீட்டுல இருப்போம்.

— நான் பாதுகாப்புக்காகச் சொன்னேன்.

— ஒரு காப்பி போதும் எனக்கு. ஒத்தை டிஸ்க் கேசிங் வாங்கு.

— சரி, ஒத்தை. அடுத்தது பவர் அடாப்டர். கேசிங்கோட வர்றது நல்லதா, தனியா வாங்கறது நல்லதான்னு பாத்தா, ரெண்டு பக்கமும் ஒரு நியாயம்...

— இதோ, இதேதான். சோபா வாங்கலாம்னு ஆரம்பிச்சோம். லெதரா துணியான்னு நீ ஒப்பிட்டு முடிக்கறதுக்குள்ள டிவோர்ஸ் வாங்கப் போறோம். இன்னைக்கும் தரையில பாய் போட்டுத்தான் பேசிட்டிருக்கோம்.

— இந்தப் பாய் நல்ல பாய்.

— என் பங்குல வந்த பாய். எடுத்துட்டுப் போகாம சும்னே விட்டு வச்சிருக்கேன்.

— தெரியும். அதனாலதான் தினமும் இதுல உக்காரறதில்ல. நீ வரும்போது மட்டும்தான் விரிக்கறேன்.

— ஸ்ரீகண்டன், ஒரு சோபாவுக்காக எவளாவது பெட்டி கட்டிட்டுப் போவாளா? குழந்தை வேணுமான்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னே. அடுத்த வருஷம் கேட்டேன். வேணுங்கறதுக்கும் நியாயம் இருக்கு, வேண்டாங்கறதுக்கும் நியாயம் இருக்குன்னே.

— இருந்துது.

— உன்னைக் கேட்டதுக்கு அந்த ஹூப்ளிக்காரரைக் கேட்டிருக்கலாம்.

— முடிவு பண்ணிட்டேன் நிருபமா.

— எது? அடாப்டரா?

— இல்ல. நீ கேட்டது.

— எப்போ பண்ணின?

— நீ போன பிறகு. காலையில காபி போட்டேன். பழக்கத்துல ரெண்டு டம்ளர். மறுநாளும் அப்படியே. வேணும்னு முடிவு பண்ணினேன்.

— என்கிட்ட சொல்லவே இல்லையே.

— அதுக்குள்ள முதல் ஹியரிங் வந்துடுச்சு. கோர்ட்டு வராண்டாவுல நின்னு சொல்ற விஷயமா அது?

— வராண்டாவுல நின்னு டீ குடிச்சோமே. அப்போ என்னமோ பேசிட்டே இருந்தியே.

— கேபிள் பத்தி. கேபிள் எவ்வளவு வேகமா இருந்தாலும் டிஸ்க் அதோட வேகத்துலதான் ஓடும்னு.

— ஆமா. நான்கூட தலையாட்டினேன்.

— தண்ணி கொண்டு வரட்டுமா?

— பேடா. கண்ணுல சும்னே வருது, துடைச்சுக்கறேன். நீ அந்த அலுமினியத்தை ஆர்டர் போடு.

— போட்டாச்சு.

— எப்போ?

— நீ கண்ணைத் துடைச்சிட்டிருந்தப்போ. அடாப்டரோட சேர்த்தே போட்டேன். நாளைக்கு வந்துடும்.

— யோசிக்காமலேயா?

— யோசிக்காமத்தான். டிஸ்க்கை மாட்டி லேப்டாப்ல சொருகினா, சாயங்காலத்துக்குள்ள உன் காப்பி ரெடி.

— எந்த லேப்டாப்ல?

— என்னோடதுலதான்.

— உன்னோடதுன்னு ஒண்ணு இருக்கா? அது ஆபீஸ் லேப்டாப். உங்க ஆபீஸ்ல வெளி டிஸ்க் சொருக விடறாங்களா?

— விட மாட்டாங்க. மவுஸ் சொருகலாம், கீபோர்டு சொருகலாம். பென் டிரைவ் வச்சா மேனேஜருக்கு மெயில் போகும். உன் லேப்டாப்ல பாக்கலாமா?

— எங்க கம்பெனியில வெளி டிஸ்க் சொருக முடியாம பூட்டி வைக்கிற டீமே என்னோடதுதான்.

— அப்போ உங்க அக்கா லேப்டாப்?

— அதுவும் ஆபீஸ்துதான். இந்த ஊர்ல சொந்தமா லேப்டாப் வச்சிருக்கறவங்களை நீ எங்கயாவது பாத்திருக்கியா?

— இத்தனை மாசம் கேசிங் தேடியிருக்கேன். எதுல சொருகப் போறோம்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணல.

— எனக்கும்தான் தோணல. ரெண்டு பேரும் இன்ஜினியர்ங்கறதை வெளிய சொல்லிடாதே.

— அப்போ முதல்ல வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்.

— வாங்கித்தான் ஆகணும்.

— இரு, சட்டை மாத்திட்டு வரேன். இப்பவே கடைக்குப் போயிடுவோம். கண்ணுல முதல்ல படறதை எடுத்துட்டு வந்துடலாம். கேசிங் நாளைக்கு வருது, வியாழக்கிழமைக்குள்ள காப்பி முடிஞ்சுடும், நீ நினைச்ச மாதிரியே கையெழுத்துப் போட்டுடலாம். இந்தத் தடவை நான் எதையும் ஒப்பிட்டுப் பாக்கப் போறதில்ல. போதுமா?

— உக்காரு ஸ்ரீ.

— ஏன், கடை மூடிடுவாங்களா?

— கம்ப்யூட்டர் விஷயத்துல அவசரப்படக் கூடாது. மார்க்கெட்ல இருக்கற ஒண்ணு விடாம ஒப்பிட்டுப் பாத்து, எவ்வளவு நாளானாலும் பரவால்ல, நிதானமா வாங்கு.