மாப்பிள்ளைக் காரும் குப்பை லோரியும்

மாதந்தவறாமல் கூட்டம் கூட்டி, கூட்டிய கூட்டத்தில் குறையாமல் என்னைத் திட்டும், நம் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், மதிப்பிற்குரிய அப்துல் ஜலீல் அங்கிள் அவர்களே, தலைவரையே தலையாட்ட வைக்கும் தலைவி ஹாஜிரா ஆன்டி அவர்களே, முன்வரிசையை முழுமையாக ஆக்கிரமித்திருக்கும் பெரியோர்களே, ஆறாவது மாடியின் அரசி பவுனம்மாள் ஆன்டி அவர்களே, நெய்ச்சோறு எப்போது என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசிக்குள் குடிபோய்விட்ட என் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம், அழகிய சலாம்.

என் பெயர் நாஜியா. நான்காவது மாடி, வயது பதினேழு. இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு 'தூய்மை'. உண்மையில் இது தலைப்பு அல்ல, தண்டனை. போன மாதம் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், குப்பை லோரியின் சத்தம் கேட்டுப் பையும் கையுமாகக் கீழே ஓடி வந்தீர்களே, வந்து பார்த்தால் லோரியையே காணோமே, அது யார் வேலை என்று தலைவர் கண்டுபிடித்துவிட்டார், உங்களுக்கு இன்னுமா தெரியவில்லை? அங்கே ஒருவர் "நீதானா அது" என்கிறார். நானேதான் அங்கிள். நீங்கள் இரண்டு பை கொண்டு வந்தீர்கள், ஒன்று ஒழுகியது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய குப்பை லோரிகளின் வரலாற்றைச் சேகரிப்பது. சிரியுங்கள், சிரிப்புக்கும் ஓர் உறை போட்டுச் சேர்த்து வைப்பேன். அரசர்கள் ஏறிய தேருக்கு ஆயிரம் படம் உண்டு. நம் அழுக்கை ஏற்றிய லோரிக்கு ஒரு படமாவது உண்டா? எவராவது அதை நிறுத்தி வைத்து 'கொஞ்சம் சிரி' என்றதுண்டா? இல்லை. ஆனால் அது தானாக வந்து நிற்கும். செலாயாங்கில் ஒரு வளைகாப்பு, வளையலுக்குப் பின்னால் லோரி. பூச்சோங்கில் ஒரு பிறந்தநாள், கேக்குக்குப் பின்னால் லோரி. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மட்கார்டைத் தேடுகிற பெண் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்திதான். இதுவரை நூற்று நாற்பத்தொரு படங்கள். ஓடும் லோரியின் பின்பலகையில் தொற்றி நின்ற தொழிலாளர்கள் பதினொரு பேரின் குரல்கள். ஒரு கையுறை. ஒரே கைக்குத்தான், இன்னொன்றைத் தேடுகிறேன்.

இப்படித் தேடிப் போனதில்தான் கிள்ளானில் லெட்சுமி அக்காவின் பழைய இரும்புக் கடைக்குள் அதைக் கண்டேன். 1979இல் பிறந்த லோரி. பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் மூடிகள். பின்பலகையில் இரண்டு பள்ளங்கள். ஆணி அடித்ததா? அடிபட்டதா? இல்லை, தாய்மார்களே, ஆட்கள் நின்று நின்று தேய்ந்த பாதங்களின் பள்ளம். நான் குதித்த குதியைப் பார்த்து அக்காவே பேட்டரி மாட்டி அதைக் கிளப்பி, கடை முற்றத்தில் கொஞ்சம் ஓட்டியும் காட்டினார். அது கர்ஜித்தது, கனைத்தது, கடைசியில் இருமியது. அந்த ஓசையைப் பதிவு செய்தேன். பதிவு செய்ததைச் சும்மா வைத்திருக்க என் கை என்ன காந்தியம் படித்த கையா? புதன்கிழமை, இரண்டாம் மாடி, பெரிய ஸ்பீக்கர். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று இறங்கி வந்தவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சின்னவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. ஏன்? அது இன்றைய லோரியின் சத்தம் அல்லவே. உங்கள் மூளை மறந்ததை உங்கள் கால்கள் மறக்கவில்லை. எல்லோரும் பையோடு வந்தார்கள். ஒருவர் மட்டும் வெறுங்கையோடு, வெறுங்காலோடு, ஆறு மாடிப் படியிறங்கி வந்தார். லிஃப்ட் வழக்கம்போல் விடுமுறையில் இருந்தது. வந்தவர் பவுனம்மாள் ஆன்டி.

"எங்க லோரி?" என்றார்.

"லோரி இல்ல ஆன்டி. ரெக்கார்டிங். சும்மா விளையாட்டுக்கு."

"பொய் சொல்லாத லா. ரெண்டாவது கியர்ல இருமுது பாரு. அது என் வீட்டுக்காரரு ஓட்டுன லோரி."

சொல்லிவிட்டு, லோரியின் எண்ணை அப்படியே ஒப்பித்தார். நான் எடுத்த படத்தைப் பார்த்தேன். அதே எண். அவையோரே, அதுவரை நான் செய்த குறும்புகளில் ஒன்றுக்குக்கூட நான் வெட்கப்பட்டதில்லை. அன்று வெட்கப்பட்டேன். காரணம் சொல்லாமல் எல்லோருடைய பைகளையும் நானே மேலே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். மறுநாள் ஆன்டியைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன். அவருடைய கணவர் சன்னாசி அங்கிள், இருபது ஆண்டுகள் இந்தத் தெருக்களில் அந்த லோரியை ஓட்டியவர், இன்று நம்மிடையே இல்லை. ஆன்டி ஏறி அவருடைய இருக்கையில் உட்கார்ந்தார். அவராக இறங்கும்வரை காத்திருந்தேன்.

போன வாரம் லெட்சுமி அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, திங்கக்கிழம காலைல வெட்டுறதுக்கு ஆளு வருது. அதுக்குள்ள நிறுத்த எடம் காட்டுனா சும்மாவே தூக்கிட்டுப் போ. எடம் இல்லன்னா துண்டுதான்."

திங்கட்கிழமை என்றால் என்றோ ஒரு திங்கட்கிழமை அல்ல. நாளைக் காலை.

நமக்கு இடமா இல்லை? மதிலோரம் மூன்று கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. சங்கத்தில் கேட்டேன். தலைவர் சொன்னார்: "மனுசங்க குடியிருக்கிற எடத்துல குப்பை லோரியா? நாறாதா மா?" அங்கிள், அது குப்பையைக் கண்டே இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நம் லிஃப்டைவிட மணக்கிறது. அந்த மூன்று இடத்தில் நட்ட நடுவில் நிற்பது என்ன? பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடாத ஒரு வெள்ளைக் கார். அது யாருடையது? வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு வியர்க்கிறது. ஓடாத காருக்குப் பெயர் நினைவுச் சின்னம், ஓடி உழைத்த லோரிக்குப் பெயர் நாற்றமா?

இப்போது திரையைப் பாருங்கள். படம் தெரிகிறதா? 1989. தலைவரின் திருமணம். மல்லிகைச் சரம் சுற்றிய அதே வெள்ளைக் கார். உள்ளே மாப்பிள்ளை. மீசையைப் பாருங்கள், அங்கிள் அல்ல, அக்கால அழகன். இந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஆனால் பாதிதான் தொங்குகிறது. முழுப் படத்தையும் ஆல்பத்தில் ஒளித்துக் காத்தவர் ஹாஜிரா ஆன்டி. காருக்கு முன்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு முன்னால் ஒரு லோரி. அந்த எண்ணைப் படியுங்கள். உரக்கப் படியுங்கள்.

ஆம். அதேதான்.

ஹாஜிரா ஆன்டி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நடு ரோட்டுல காரு படுத்துருச்சு. அந்த மனுசன்தான் லோரிய நிறுத்தி, கயித்தக் கட்டி, கல்யாண மண்டபம் வரைக்கும் இழுத்துட்டு வந்தாரு. அவரு வரலன்னா நான் இன்னும் நகையோட உக்காந்திருப்பேன் லா."

தலைவரே, கோபமா? கொஞ்சம் பொறுங்கள். பவுனம்மாள் ஆன்டி சொன்னதையும் கேளுங்கள். அன்று நீங்கள் சன்னாசி அங்கிளின் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டீர்களாம். விடாமல் கூப்பிட்டீர்களாம். "உடுப்பு அழுக்கா இருக்கு தம்பி" என்று சொல்லி, அவர்தான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். வீட்டுக்கு வந்து ஆன்டியிடம், "அந்தப் பையன் என் கைய விடவே மாட்டேன்னுட்டான்" என்று பெருமையாகச் சொன்னாராம்.

தெரு முழுதும் துடைத்தவர் வாசலில் நின்றார். நம் வீட்டைத் தூய்மையாக்கியவர் நம் வீட்டுக்குள் வரத் தயங்கினார். இதுவா தூய்மை? உடுப்பில் இருப்பதா அழுக்கு? உள்ளே விடாமல் இருப்பதல்லவா அழுக்கு. அன்று அவரை உள்ளே அழைக்க நினைத்த அந்த மாப்பிள்ளையிடம் நான் கேட்கிறேன். அவர் வரவில்லை. அவருடைய லோரி வரலாமா? அன்று அடுத்தடுத்து நின்ற இரண்டும் இன்றும் அடுத்தடுத்து நிற்கலாமா? லோரிக்கு இரண்டு இடம் வேண்டும், நடுவில் நிற்கும் காரை ஓரமாக எட்டடி தள்ளினால் போதும். எட்டே எட்டடி.

தலைவர் எழுந்திருக்கிறார். மைக் வேண்டுமா அங்கிள்? வேண்டாமாம். என்ன சொல்கிறார்? "டயர்ல காத்து இல்லையே" என்கிறார்.

அங்கிள், காலை ஏழு மணிக்கே நான்கு டயருக்கும் காற்று அடித்துவிட்டேன். அதற்குத் தனியாகத் தண்டனை கொடுங்கள், தலைப்பையும் நானே தருகிறேன். சாவியா? ஹாஜிரா ஆன்டி கைப்பையைத் திறக்கிறார். சாவி ஆடுகிறது. தலைவரின் தலையும் ஆடுகிறது.

லெட்சுமி அக்கா, கேட்கிறதா? இந்தக் கைப்பேசி இவ்வளவு நேரமும் உங்களோடுதான் இணைப்பில் இருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது, இழுவை லோரியை அனுப்புங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பசியோடு கேட்ட தாய்மார்களுக்கும், தண்டனை தந்து மேடை தந்த தலைவருக்கும் நாஜியாவின் நெஞ்சார்ந்த நன்றி. கைதட்டல் போதும். தட்டிய கைகளெல்லாம் வெளியே வந்து காரில் படட்டும். சீக்கிரம் வாருங்கள். பவுனம்மாள் ஆன்டியின் நாற்காலி காலியாக இருக்கிறது. அவர் எனக்கு முன்பே போய்ப் பம்பரில் கை வைத்துவிட்டார்.

வணக்கம், சலாம்.