உள்ளே மகிழ்ச்சியான செய்தி

மேடையில் இருக்கும் போதகர் ஹிண்டில் அவர்களே, திரு. திரெல்ஃபால் அவர்களின் மகள் மார்ஜரி அவர்களே, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கும் அக்ரிங்டன் ஊர்ப் பெரியவர்களே, வணக்கம். என் பெயர் பிரையனி. ஒன்பதாம் வகுப்பு. பின்வரிசைக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள். என் குரல் சிறியது. இன்று இன்னும் சிறுத்திருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் நம் பேருந்துகளின் கால அட்டவணையை எழுதியவர் மறைந்த திரு. டெஸ்மண்ட் திரெல்ஃபால் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 'இடிக்குரல் இசபெல்' படக்கதையை வரைந்தது யார்? ஒருவரும் சொல்லவில்லையே!

சென்ற அக்டோபரில் இதே கூடத்தில் பழைய பொருள் விற்பனை நடந்தது. துண்டுகள் குறைந்த ஒரு படப்புதிர்ப் பெட்டிக்கு அடியில், கயிற்றால் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. 'ரம்பஸ்'. 1978-இல் வாரந்தோறும் வந்த சிறுவர் சிரிப்பிதழ். இருபத்தாறு வாரம், அவ்வளவே அதன் ஆயுள். அதில் இசபெல் என்றொரு சிறுமி. அவள் ரகசியம் சொல்ல வாயைத் திறந்தால் சன்னல் உடையும். நூலகத்தில் அவள் 'உஷ்' என்றால் அலமாரி சரியும். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஆனால் வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. ஓவியர் கையெழுத்திட்டால் அலுவலகத்தில் வெள்ளை பூசி மறைத்துவிடுவார்களாம்.

படங்களில் அடிக்கடி ஒரு மீன் வறுவல் கடை வரும். அதன் பலகையில் மீன் தலைகீழாகத் தொங்கும். எங்கேயோ பார்த்த மீன்! நம் ஊர்த் திருமதி என்ட்விசிலின் மீன் வறுவல் கடைக்கு இதழை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அடி, இது நம்ம கடைடி! டெஸ்மண்டு அந்த மூலையில உக்காந்து கிறுக்கிட்டே இருப்பாரு. சிப்ஸ் ஆறிப்போகும், மனுசன் நிமிர மாட்டாரு" என்றார் அவர்.

நான் போய்க் கேட்டபோது திரு. திரெல்ஃபால் காதில் கையை வைத்துக்கொண்டார். "சத்தமாப் பேசு கண்ணு. இசபெல்கிட்டக் கொஞ்சம் குரல் கடன் வாங்கிக்கோ." பிறகு, "ஆமா, நான்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே. பஸ் லேட்டானா அதுவும் நான் பண்ண ஜோக்குன்னுடுவாங்க."

இருபத்தாறாம் இதழின் அட்டையைக் காட்டினார். சிவப்பில் பெரிய எழுத்து: 'உள்ளே மகிழ்ச்சியான செய்தி!' பிள்ளைகள் ஆசையாய்ப் புரட்டினால், அடுத்த வாரம் முதல் 'ரம்பஸ்' வேறோர் இதழோடு சேர்கிறது என்றிருந்தது. சேர்கிறது என்றால் சாகிறது என்று பொருள். "அந்தத் தொழில்ல மகிழ்ச்சியான செய்தின்னா சாவுச் சேதி, கண்ணு. எனக்கே யாரும் சொல்லல. கடையில காசு குடுத்து வாங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அதற்குள் இருபத்தேழாம் இதழுக்கான பக்கத்தை வரைந்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அது அச்சாகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அதைச் சாவதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். பழைய இதழ் சேர்ப்பவர்களுக்குப் பதினேழு கடிதங்கள் எழுதினேன், பயனில்லை. பதினெட்டாவது கடிதத்துக்கு ஹோவ் நகரிலிருந்து பதில் வந்தது. அச்சு அசலாக அந்தப் பக்கத்தின் நகலும் வந்தது!

பெரிய உறையில் அதை வைத்து ஒட்டினேன். சந்தோஷத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? சிவப்பு மையில், பெரிய எழுத்தில், 'உள்ளே மகிழ்ச்சியான செய்தி!'

அவர் வீட்டில் இல்லை. கதவில் கடிதம் போடும் துளை வழியே போட்டுவிட்டேன். அந்தச் சொற்களுக்கு அவர் அகராதியில் என்ன பொருள் என்பது பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி ஓடித் துளைக்குள் கையை விட்டேன். எட்டவில்லை.

அதன்பின் ஆறு நாள். தொலைபேசி ஒலிக்கவில்லை. போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. பயம். ஏழாம் நாள் அவர் இறந்த செய்தி வந்தது. என் மூன்று சொல் அவரைக் காயப்படுத்திவிட்டதா? பிரிக்காமலே போய்விட்டாரா? இந்த இரண்டு வாரமாக எனக்கு இதே கேள்விதான்.

இன்று காலை மார்ஜரி அந்த உறையை என் கையில் கொடுத்தார். நான் ஒட்டிய மடிப்பு ஒட்டியபடியே இருந்தது. பிரிக்கவே இல்லை என்று அழுதுவிட்டேன்.

"அழாதேம்மா. கீழ்ப்பக்கம் பாரு" என்றார் அவர். "படம் வர்ற கவரை அப்பா கீழதான் அறுப்பாரு. பிளேடு படத்துல பட்டுடுமோன்னு அவ்ளோ பயம்."

கீழ்விளிம்பு நூல் பிடித்தாற்போல் அறுபட்டிருந்தது. உள்ளே அந்தப் பக்கம். கடைசிக் கட்டத்தில் இசபெல் முதல் முறையாக மெல்லப் பேசுகிறாள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. 'போய்ட்டு வர்றேன்' என்கிறாள், எறும்பளவு எழுத்தில். ஓரத்தில் புதுக் கறுப்பு மை: டெ. திரெல்ஃபால். ஆம், கையெழுத்து! வெள்ளை பூச இனி எவர் வருவார்?

உறையின் மேல், என் சிவப்பு எழுத்துக்குக் கீழே, பென்சிலில் ஒரு வரி: 'இந்தத் தடவை நிஜம்தான், கண்ணு.'

பெரியோர்களே, யாரிடமும் சொல்லாதே என்றவர் தாமே கையெழுத்திட்டுவிட்டார். ஆகவே சொல்கிறேன். இருபத்தாறு இதழும், இருபத்தேழாவதன் இந்த ஒரே பக்கமும் நம் நூலகத்துக்குப் போகும். இசபெல் வரும் ஒவ்வோர் இதழின் உறைமேலும் அவர் பெயரை நானே எழுதுவேன். எழுத்து கோணலாகலாம், பெயர் விடுபடாது.

இசபெல்லை வரைந்தவர் டெஸ்மண்ட் திரெல்ஃபால்!

பின்வரிசைக்குக் கேட்டதா?