தால்சாவில் ஏறிய களிம்பு

"ஹலோ... யாசீன் பாய்... வ அலைக்குமுஸ் ஸலாம். சுலைமான்தான்... ஆமா, ஆமா, பிரியாணியெல்லாம் தம்முல இருக்கு, அது என் சட்டி, அதுக்கு ஒரு கொறையும் இல்ல. தால்சாவப் பத்திப் பேசணும்... சிரிக்காதீங்க பாய்."

பிரியாணி மாஸ்டர் சுலைமான், திருமங்கலத்து மஹாலின் பின்கட்டில் ஒரு செம்புத் தேக்சாவின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மணி பத்து. யாசீன் பாயின் மகனுக்கு இன்று வலிமா என்கிற கல்யாண விருந்து. ஒரு மணிக்கு நானூறு பேர் பந்தியில் உட்கார வேண்டும். தேக்சாவின் உள்விளிம்பில், பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் எலும்புக் குழம்பான தால்சா தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் பச்சையாக ஒரு வளையம் கட்டியிருந்தது. குளத்துப் பாசியையாவது பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பச்சை பாய், பச்சை... கொத்தமல்லியா? முப்பது வருசமா ஆக்குறேன், எனக்குக் கொத்தமல்லி தெரியாதா? களிம்பு. செம்புக் களிம்பு. ஒரு சொட்டு நாக்குல வச்சேன், சாவியக் கடிச்ச மாதிரி இருக்கு. மூணு தடவ வாய் கொப்புளிச்சும் போகல... த்தூ... உங்கள இல்ல பாய், கீழ துப்புனேன்."

பாய் விடுகிற ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் பேச்சு நீண்டது. சுலைமான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆமா... ஆமா... அட, கொழுப்பு இல்ல பாய் அது. கொழுப்பு ஒறஞ்சா வெள்ளையா நிக்கும். சூடு காட்டுனா உருகிப் பழையபடி கொழுப்பாயிரும். இது அந்தக் கத இல்ல. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேச்சீங்கள்ல, கறுப்பெல்லாம் போயி பளபளன்னு வந்துச்சுல்ல? அதே புளிதான் உள்ளயும் செம்ப அரிச்சிருக்கு. உங்க பாத்திரம் இப்பக் கொழம்புக்குள்ள இருக்கு. எம்புட்டு வெறகு வச்சாலும் அது திரும்பிப் பாத்திரமா ஆகாது."

அந்தத் தேக்சா யாசீன் பாயின் அத்தா வாங்கியது. பரணில் கிடந்ததை இறக்கி, மகன் விருந்தில் ஒரு பண்டமாவது அதில் ஆக வேண்டும் என்று பாய் ஒற்றைக் காலில் நின்றார். வெளியே முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கி அனுப்பியிருந்தார். மஹாலுக்கு வருகிறவர்கள் பார்க்கப்போவது வெளியைத்தானே.

"உள்ள ஈயம் பூசியாச்சான்னு கேட்டேன்ல? நீங்க என்னா சொன்னீங்க?... பூசுனது எப்ப?... போன வருசமா?... அதுக்கும் முன்னாடியா?... உங்க கல்யாணத்துக்கா? நல்லாருக்கு பாய். ரொம்ப நல்லாருக்கு."

"...என்னாது? மேலாப்புல அள்ளிக் கொட்டிட்டு, மஞ்சத்தூள் போட்டுக் கிண்டவா?... யாரு வாயில ஊத்த? வாடிப்பட்டிக்காரங்க வாயிலயா? உங்க சம்பந்தி வீடு பாய் அது. புள்ளகுட்டியோட வாராங்க... த்தூ... இந்தத் தடவ உங்களத்தான்."

சொல்லிவிட்டார். சொன்னதில் ஒரு வருத்தமும் இல்லை.

"நான் இதக் கொட்டத்தான் போறேன். எலும்பு இல்லாட்டிப் போகுது, எவர்சில்வர் அண்டாவுல பருப்பும் கத்திரிக்காயும் போட்டு எறக்கிர்றேன்... ஆங்?... சாப்பிட்டவுகளுக்கு ஒண்ணும் ஆகலையா? பந்தியே போடலையே, யாரு சாப்பிட்டா?... எட்டரைக்கு நம்ம பசங்க வீட்டுக்குக் குடுத்துவிட்ட கேரியர்லயா? அதுல தால்சாவும் வந்துச்சா?... யாருக்கு பாய்?... முபீனாவுக்கா..."

முபீனா, யாசீன் பாயின் மகள். மூன்று மாதக் கர்ப்பிணி. சுலைமானின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்காளா... வாந்தி மட்டுமா... மசக்கைக்காரி எடுக்கறதுதான், சரி. இன்னிக்கு எத்தன தடவ?... கேட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தார். பாய் படியேறுவது போனில் கேட்டது. கதவு தட்டுவது கேட்டது. பிறகு யாரோ குமட்டும் சத்தம். சுலைமானின் நாக்கில் அந்தச் சாவிக் கசப்பு மறுபடியும் ஊறியது.

"சொல்லுங்க... ஆறு தடவையா... வயித்து வலியுமா... பாய், இது மசக்கை இல்ல. காரை எடுங்க... விருந்து கெடக்கட்டும், நான் பாத்துக்குறேன். சம்பந்திக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். டாக்டர்ட்ட மசக்கைன்னு சொல்லிறாதீங்க. களிம்பு ஏறுன கொழம்பச் சாப்பிட்டான்னு சொல்லுங்க. வெக்கப்படாமச் சொல்லுங்க... அழாதீங்க பாய். சாவியத் தேடுங்க... டிவி பக்கத்துல பாருங்க..."

விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"பாய்... ஒண்ணு சொல்லணும். நேத்து சாயங்காலம் அதுல புளி ஊற வைக்கும்போதே நான் பாத்தேன். அடியில ஈயம் போயி செவப்பாத் தெரிஞ்சுச்சு. உள்ளங்கை அகலம். இன்னொரு சட்டி கழுவணும்னு அலுப்பு எனக்கு. என்னாயிரப் போகுதுன்னு ஊத்திட்டேன். நீங்க பொய் சொன்னீங்க, நான் பாத்துட்டே ஊத்துனேன். உங்கள மட்டும் துப்புனது தப்பு... பாய்?... கேக்குதா?... ஹலோ..."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை இருண்டு கிடந்தது. எந்த வார்த்தையில் லைன் போனது என்று தெரியவில்லை. சாவி கிடைத்ததும் பாய் ஓடியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எழுந்து, தேக்சாவை இரண்டு கையாலும் தள்ளிச் சாக்கடைப் பக்கம் சாய்த்தார். அவ்வளவு தால்சாவும் போய்ச் சேர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளங்கை அகலம் இருந்த சிவப்பு இப்போது அடி முழுக்க இருந்தது.

அண்டாவை அடுப்பில் ஏற்றிப் பருப்பு வெந்து முடிந்ததும், மறுபடியும் யாசீன் பாயின் நம்பரை அழுத்தினார்.

"ஹலோ... போய்ச் சேந்துட்டீங்களா பாய்?... சரி... சரி... ட்ரிப்ஸ் ஏத்துறாங்களா... வயித்துப் புள்ளைக்கும் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களா... அல்ஹம்துலில்லாஹ்... இல்ல, வச்சிறாதீங்க பாய். நன்றியெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. நேத்து சாயங்காலம் என்னா நடந்துச்சுன்னா..."