ஏழாவது பாட்டு

— அழிச்சிரும்மா. அந்த ஏழாவது பாட்டை மட்டும் அழிச்சிரு. வேற ஒண்ணும் கேக்கல.

— லோகேஸ்வரன் அண்ணே, மொதல்ல உக்காருங்க. சட்டையெல்லாம் சொட்டுது. இந்த மழையில பிறையிலேருந்து மோட்டார் சைக்கிள்லயா வந்தீங்க?

— ஃபெரிப் படகுல. மணி என்ன இப்போ?

— நாலு இருபது. ஷோ அஞ்சு மணிக்குத்தான். இந்தாங்க, தலையத் தொடைங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல லா. எட்டு மாசமா என் உயிரை எடுத்தது யாரு? தினம் காலையில 'வணக்கம் ஜெகதீஸ்வரி, நம்ம ஆல்பம் இன்னிக்காவது ரேடியோவுல வருமா'ன்னு மெசேஜ். தீபாவளிக்கு ரெண்டு டப்பா முறுக்கு. கார் பார்க்ல நின்னு என் காருக்கு சல்யூட் வேற.

— அதெல்லாம் மத்த ஆறு பாட்டுக்கும்மா.

— 'தமிழ்ல ப்ளூஸ் ராக்கா, எழவு வீட்டுல இழுக்குற மாதிரி இருக்கு'ன்னு என் பாஸ் மூணு தடவை தள்ளிவிட்டாரு. நான் மல்லுக்கு நின்னேன். இன்னிக்குக் காலையில ஏழரைக்கு, கடல் பாலத்துல ஜாம் ஆகுற நேரமாப் பாத்து அந்த ஏழாவதைப் போட்டேன். பத்தே நிமிஷம், அறுபது வாய்ஸ் மெசேஜ். அதே பாஸ் ஓடி வந்து 'அஞ்சு மணிக்கு மொத பாட்டு அதான்'னுட்டாரு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்க வந்து நிக்கிறீங்க.

— அது ஆல்பத்துலயே இல்லம்மா. 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' ஆல்பத்துல ஆறு பாட்டுதான். இது வீட்டுல தனியா உக்காந்து போன்ல பதிஞ்சது. யாருக்கும் குடுக்கறதுக்கு இல்ல. உனக்குக் குடுத்த பென்டிரைவ்ல தவறிப்போய் சேர்ந்துருச்சு.

— தவறிப்போய் வந்ததுதான் ஜெயிச்சிருக்கு.

— கித்தார்ல சுருதி சேரல.

— அதான் அழகே.

— நடுவுல நாய் குரைக்குது.

— நாய்க்கும் ரசிகர் வந்துட்டாங்கண்ணே. பட்டர்வொர்த்துலேருந்து ஒரு பையன் அவன் லவ்வருக்கு டெடிகேட் பண்றான். 'பாட்டைப் போடுன்னு நீ சொன்னே, சுவிட்சைப் போட்டவன் நான்.' காதலுக்கு இப்படி ஒரு வரியான்னு அழுவுறான்.

— காதலா?

— பின்னே? அவ கேட்டது பாட்டு, இவரு போட்டது அவ மனசுல சுவிட்சு. அப்படித்தான் காலையில மைக்ல நானும் வெளக்கம் சொன்னேன்.

— ஐயோ, முருகா.

— ஏண்ணே முருகனைக் கூப்பிடுறீங்க? உங்க போன் வேற விடாம அடிக்குது. எடுங்களேன்.

— எடுக்க மாட்டேன். காலையிலேருந்து எதையும் எடுக்கல. யாருன்னு பாக்கவும் இல்ல. ஒண்ணு சொல்லு, பைராம் தோட்டத்துல உங்க ரேடியோ எடுக்குமா?

— நிபோங் திபால் தாண்டியும் எடுக்கும். ஏன்?

— காலையில மழை இல்ல. நல்லாவே எடுத்திருக்கும்.

— மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாங்க. யாருக்குப் பயப்படுறீங்க? யார் மெட்டையாவது சுட்டுட்டீங்களா?

— சுடல. ஆனா கனம் இருக்கும்மா. அந்தக் கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— ஜெயராஜ்னு ஒருத்தன், என் கூட்டாளி. பிறை ஃபேக்டரியில ஒரே மெஷின், ஒரே ஷிப்ட், பதினோரு வருஷம். பிளாஸ்டிக் கூடை அடிக்கிற மெஷின். அடிக்கடி உள்ள சிக்கிக்கும். நிறுத்திட்டு ஒருத்தன் உள்ள குனிஞ்சு எடுக்கணும், இன்னொருத்தன் சுவிட்ச்கிட்ட நிக்கணும். உள்ள போனவன் வெளிய வந்து 'போடு'ன்னு சொன்னப்புறம்தான் சுவிட்சைத் தொடணும்.

— ம்.

— வெளிய வந்துங்கறது சட்டம். நாங்க அவசரத்துல, உள்ளேருந்தே குரல் குடுத்துப் பழகிட்டோம். கையை எடுத்ததும் 'போடு'ம்பான். போட்டுருவேன். பதினோரு வருஷத்துல ஒரு கீறல்கூட இல்ல. பழக்கம் கண்ணை மறைச்சிருச்சு.

— அப்புறம்?

— மெஷினுக்கு மேல ஒரு ரேடியோ தொங்கும். எப்பவும் உங்க ஸ்டேஷன்தான். அன்னிக்கு சூப்பர்வைசர் வர்றாருன்னு நான்தான் சத்தத்தைக் குறைச்சு வெச்சேன். அவன் உள்ள குனிஞ்சிருந்தான். பதினோரு மணி இருக்கும். ரேடியோவுல யாரோ பேரு, ஊரு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு உள்ளேருந்து கத்துனான். 'போடு, போடு'ன்னு.

— அண்ணே, வேணாம்.

— போட்டேன்.

— தண்ணி குடிங்க. மெதுவா.

— வெளிய இழுத்தப்போ உசிரு இருந்துச்சு. என் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான். 'ரேடியோடா'ன்னான். அவ்வளவுதான்.

— பாட்டைப் போடச் சொல்லியிருக்காரு.

— ஆமா. சத்தமா வைன்னு சொல்லியிருக்கான். வேலை நடுவுல கத்துற அளவுக்கு அப்படி என்ன பாட்டு, என்ன அவசரம், ஒண்ணும் தெரியல. மூணு வருஷமா அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன்.

— விசாரணை வெச்சிருப்பாங்களே. என்ன சொன்னீங்க?

— மெஷின் தானா ஓடிருச்சுன்னேன். பயம்மா. அவங்க மெஷினைச் சோதிச்சுப் பாத்துட்டு, அதுல கோளாறு இல்ல, அவன் கைதான் எங்கயோ பட்டிருக்கும்னு சொல்லி, 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு எழுதி மூடிட்டாங்க. நான் வாயைத் தொறக்கல. செத்தவன் மேல பழியைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டேன்.

— அவரு குடும்பம்?

— பொண்டாட்டி பேரு பிரமிளா. பைராம் தோட்டத்துல அம்மா வீட்டோட இருக்கு. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. மாசா மாசம் போய்ப் பாத்துட்டு வருவேன். சின்னது என் கித்தாரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு 'பெரியப்பா, வாசிங்க'ங்கும். பிரமிளா தங்கச்சி எனக்குச் சோறு போட்டுக்கிட்டே சொல்லும், 'கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னிக்கு அவரும் உக்காந்து சாப்பிடுவாரேண்ணே'ன்னு. நான் குனிஞ்சு சாப்பிடுவேன்.

— இப்போ அவங்க இதைக் கேட்டிருந்தா?

— அதுக்குப் புரிஞ்சிரும். அது காதல் பாட்டுன்னு நினைக்காது. போலீஸு, கேஸு, அதுக்கெல்லாம் நான் எப்பவோ துணிஞ்சிட்டேன்மா. அந்தச் சின்னது இனிமே 'பெரியப்பா'ன்னு கூப்பிடாது. அதை நெனச்சாதான் குலை நடுங்குது.

— பின்னே ஏண்ணே இதைப் பாடுனீங்க?

— யார்கிட்டயாவது சொல்லணும்ல. நாய்கிட்ட சொன்னேன். அதான் குரைச்சுது.

— சரி. இங்க பாருங்க, இதுதான் ஃபைல். பாஸ்கிட்ட கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். ஆனா இதை அழிச்சா, நீங்க ரெண்டாவது தடவையும் வாயை மூடிக்கிட்ட மாதிரிதாண்ணே.

— தெரியும். அழி.

— இருங்க, பாட்டு கேக்குற லைன் அடிக்குது. எடுக்கலன்னா பாஸ் எட்டிப் பாப்பாரு. ஸ்பீக்கர்லதான் வரும், சத்தம் போடாம இருங்க. வணக்கம், வணக்கம்! பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க, என்ன பாட்டு, யாருக்கு?

— வணக்கம்க்கா. பிரமிளா. பைராம் தோட்டம்.

— அண்ணே, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. ஆ, சொல்லுங்கம்மா, லைன்லதான் இருக்கேன்.

— காலையில ஒரு பாட்டு போட்டீங்களேக்கா. பாடுனவரு எங்க வீட்டு ஆளுதான். காலையிலேருந்து அவருக்கு அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், எடுக்க மாட்டேங்கிறாரு. அவரை எங்க புடிக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?

— தலையாட்டாதீங்கண்ணே. என்னால பொய் சொல்ல முடியாது. பிரமிளா, அவரு இங்கதாம்மா இருக்காரு. நீங்க பேசுறது அவருக்குக் கேக்குது.

— அப்படியா. அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அன்னிக்கு எங்க கல்யாண நாளு. இதே ரேடியோவுக்கு ஃபோன் பண்ணி அவரு பேருல பாட்டு கேட்டிருந்தேன். 'பதினோரு மணிக்கு வரும், சத்தமா போட்டுக் கேளுங்க'ன்னு அவருக்கு மெசேஜ் அனுப்புனது நான்தான்.

— தங்கச்சி...

— சுவிட்சைப் பத்தி அப்புறம் பேசுவோம். அதுக்கு உங்களை நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல. மூணு வருஷமா எனக்குக் கேக்க ஆளில்லாத கேள்வி ஒண்ணு இருக்கு, அதுக்கு மட்டும் பொய் சொல்லாம பதில் சொல்லுங்க. நான் அவருக்குக் கேட்ட பாட்டு, அவரு காதுல விழுந்துச்சாண்ணே?