சாத்திரச் சீட்டில் சைக்கிள்

அக்கராயன் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், சவர்க்காரப் பெட்டி மட்டையில் தானே கீறி, மஞ்சளும் உடுப்புக்குப் போடும் நீலமும் பூசிய சாத்திரச் சீட்டுகளை, பக்கத்தில் நின்ற மூத்த பெண்ணிடம் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சாத்திரச் சீட்டில ஆர் சைக்கிள் கீறுறது?"

"போன ஆக்கள் திரும்பி வருவினம் எண்டு அதுக்குப் பலன், அக்கா. சாமிப் படம் எனக்குக் கீற வராது."

"மகனுக்கெண்டு மூண்டு தரம் எடுத்தனான். மூண்டு தரமும் சைக்கிள். மற்றச் சீட்டுகளையும் திருப்பிக் காட்டும்."

"காட்டினாப் பலிக்காது, அக்கா."

"எல்லாத்திலயும் சைக்கிள்தானே கீறி வைச்சிருக்கிறீர்?"

அவள் சீட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாள்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. மூத்தவர் கையைச் சேலையில் துடைத்தார்.

"சரி, இன்னொருக்கா எடுக்கிறன். நல்லாக் கலக்கும்."