தீச்சட்டி எடுத்த நாளில் என் தாயாரின் கையில் போட்ட ஊசி பற்றி

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

என் பெயர் த. அம்மு, வயது 15, தந்தை பெயர் தணிகைவேல், மீன்பிடித் தொழில். புதுப்பட்டினம் மீனவர் குப்பத்தில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நேற்று 21.08.2003 அன்று காவல் நிலையத்தில் நான் சொன்னது உண்மையல்ல. என் தாயாரின் தம்பி சுதாகர் மாமா பக்கத்தில் இருந்தார். இன்று வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

நான்கு வருடம் முன்பு எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, நான் பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக என் தாயார் பானுமதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அதை நிறைவேற்றும் முன் மார்க்கெட்டில் மீன் சுத்தம் செய்யும்போது இடது உள்ளங்கையில் திருக்கை மீனின் விஷ முள் குத்தியது. புண் ஆறியும் எரிச்சல் போகவில்லை. குழாய்த் தண்ணீர் பட்டாலே கத்துவார். அந்தக் கையால் சட்டி தூக்க முடியாது என்று வருடா வருடம் தள்ளிப்போட்டார். எங்கள் தெரு ஜெகதாம்பாள் அத்தை எல்லோரும் கேட்க, "அம்மனுக்கே டிமிக்கி குடுத்துகினு கீறா, கை எரியாம இன்னா பண்ணும்?" என்பார். என் தாயாரும் அதை நம்பினார்.

அதன் பிறகு செங்கல்பட்டில் டாக்டர் பத்ரி, நரம்பு கெட்டுப்போனதால் வரும் வலி என்று சொல்லி, மணிக்கட்டில் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டார். விரல்கள் மடங்கும், உள்ளங்கைக்கு மட்டும் எதுவும் தெரியாது. இரண்டு முறை போட்டதில் சில நாள் வலி குறைந்திருந்தது.

மூன்றாவது ஊசிக்கு 08.08.2003, எங்கள் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கும் ஆடி வெள்ளியன்று போகலாம் என்று என் தாயாரே நாள் சொன்னார். நான் கூடப் போனேன். காலை பதினொரு மணிக்கு ஊசி போட்ட பிறகு டாக்டர், "ராத்திரி வரைக்கும் சூடு தெரியாதும்மா, அடுப்புகிட்ட போகாதீங்க. பாப்பா, நீதான் பாத்துக்கணும்" என்றார். சீட்டிலும் எழுதினார். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தாயார், "இன்னாடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? நீ பொழச்சதுக்குத்தான்டி இது. ஊசி போட்டேன்னு யாராண்டயும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு மஞ்சள் புடவையில் சட்டி எடுத்தார். வலது கை சுட்டதால் இடது கைக்கு மாற்றினார். அதன் பிறகு மாற்றவே இல்லை. மற்றவர்கள் கைக்குக் கை மாற்றிக்கொண்டே வந்தார்கள். நான் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தேன். மூன்றாவது தெருவில் தோல் கருகும் வாசனை எனக்கு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. கோயில் வாசலில் ஜெகதாம்பாள் அத்தை, "தப்பா பேசிட்டேன் தாயே" என்று என் தாயாரின் காலில் விழுந்தார்.

வீட்டில் பார்த்தபோது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. எட்டு மணிக்கு மேல் மரப்பு விட்டது. என் தாயார் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அம்மன் வந்தவ கைல கொப்புளம் கீதுன்னா ஊரு சிரிக்கும்டி" என்றார். மறுநாளிலிருந்து பெண்கள் வந்து குங்குமம் கேட்டார்கள். இடது கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. புண் சீழ் பிடித்து எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. 19ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அதன் பிறகு மாமா, "ஊசி போட்டதாலதான் கை கெட்டுப்போச்சின்னு சொல்லு. டாக்டர் ஒண்ணியும் சொல்லலன்னு சொல்லு. சட்டி சுட்டிச்சின்னா அக்காவ இன்னா பேசுவாங்க?" என்றார். அப்படியே சொன்னேன். இன்று அந்த டாக்டரைப் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் சரியாகத்தான் சொன்னார். பார்த்துக்கொள்ளாதது நான்.

இதை எங்கள் தெருவில் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். படித்தே ஆக வேண்டுமென்றால் இதையும் சேர்த்துப் படிக்கவும். அம்மா அம்மனை ஏமாற்றவில்லை. அந்தச் சூடு முழுவதும் அன்று ராத்திரி அவருக்கு வந்தது. நான் பார்த்தேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
த. அம்மு
22.08.2003