தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

— …மரம் கணக்கா நின்னுக்கினு இருக்காடி சித்ரா, உன் தங்கச்சி. ரோஜா மட்டுமா, ரெண்டு ஸ்கூலு பொண்ணுங்களும் வரிசையா வெயில்ல காயுதுங்க.

— எவ்ளோ நேரமாம்மா?

— அரை மணி ஆவுது. பரிசு குடுக்க வர்ற பெரிய மனுஷரு வந்து எல்லாருக்கும் கை குடுத்தாத்தான் ஃபுட்பால் ஃபைனல் மேட்ச்சாம். அவுரு காரே இன்னும் வர்ல.

— அதுக்கு முன்னாடி வார்ம்-அப்பாவது பண்ணாளா?

— பி.டி. வாத்தியாரு பச்சைமுத்து சாரு உக்கார வெச்சாரு. கால நீட்டிக்கினு கட்டவிரலப் புடிச்சி நூறு எண்ணச் சொன்னாரு. எண்ணி முடிச்சதும் வரிசையில நிறுத்திட்டாரு.

— போச்சு! அம்மா, நம்ம வீட்டுச் செவுத்துல அவள விரல்ல சுண்ணாம்பு தொட்டு எகிற வெச்சனே, ஞாபகம் இருக்கா?

— வெள்ளையடிச்ச செவுத்த நாசம் பண்ணியே, மறக்குமா?

— சிரிக்காதம்மா. சாரு சொல்றாப்ல நூறு எண்ணிட்டு எகிறினா சுண்ணாம்பு கீழதான் பட்டுது. குதிச்சி, பக்கவாட்டுல ஓடி, நாலு பந்து புடிச்சிட்டு எகிறினா ரெண்டு விரக்கடை மேல பட்டுது. பத்து நாளும் பாத்தோம், பத்து நாளும் அப்டித்தான். கோல் கீப்பருக்கு அந்த ரெண்டு விரக்கடைதாம்மா எல்லாம்.

— சரிடி, அதுக்கு இப்ப இன்னா?

— ஏத்துன சூடுகூட கால் மணி சும்மா நின்னா எறங்கிடும். இவ சூடே ஏத்தல. எட்டாவது படிக்கறப்ப இதே விழுப்புரம் கிரவுண்டுல நானும் இப்டித்தான் நின்னேன். மூணாவது நிமிஷம் தலைக்கு மேல பந்து வந்துது. கண்ணு பாத்துது, காலு எழும்பல. அன்னிக்கி கழட்டுன கிளவுசுதான், அப்புறம் மாட்டவே இல்ல.

— தெரியும்டி. ஒரு வாரம் நீ சோறு துன்னல. இப்ப எங்க இருக்க?

— பரிட்சைய முடிச்சிட்டு திண்டிவனத்துல பஸ் ஏறினேன். அது ஒரே பேஜாரு. விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள டயர் பஞ்சர், மாத்து டயரு டிப்போலேர்ந்து வரணுமாம். நான் வந்து சேர மாட்டேன். நீதான் பண்ணணும்.

— நானா? இன்னாத்த?

— ரோஜாவ தனியா இட்டும்போயி பந்து எறியணும்.

— ஐயே! பொடவையோட, இத்தினி ஜனத்துக்கு நடுவுலயா? என் வயசுக்கு சிரிக்க மாட்டாங்க?

— நடவு அன்னிக்கி வரப்புல நின்னுக்கினு நாத்து முடிய வீசுறியே, பத்தாள் தள்ளிப் போயி விழுவுதே, அப்ப எவன் சிரிச்சான்? அதே வீச்சுதாம்மா. ஜல்தியா சாருகிட்ட போயி கேளு.

— இரு… சாரு, ரோஜாவ செத்த கூட்டும்போவட்டா? உடம்பு சூடாவணுமாம், சித்ரா சொல்றா.

— இத பாருங்க அம்சாம்மா, பாயிண்ட்டு இன்னான்னா, ஆட்டத்துக்கு முன்னாடி எகிறி எகிறி சத்த வுட்டுட்டா ஆட்டத்துல இன்னாத்த வெச்சி ஆடுறது? கோல் கீப்பருதான அவ, ஓடவா போறா?

— பெரிய பொண்ணு அதத்தான் காலேஜில படிக்குது சாரு.

— புஸ்தகத்துல படிக்குது! சரி, கூட்டும்போங்க. ஆனா உங்க பொறுப்பு. இன்னிக்கி கோல் வுட்டான்னா அடுத்த மேட்ச்சுக்கு கிளவுசு வேற பொண்ணு கைக்குப் போய்டும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.

— கேட்டியா சித்ரா? கிளவுசையே புடுங்கிடுவாராம்.

— பாத்துக்கலாம். தண்ணி டேங்குக்குப் பின்னால நெழல் இருக்கும், அங்க போ. மொதல்ல ஓடட்டும், முட்டி நெஞ்சு வரைக்கும் வரட்டும். அப்புறம் பக்கவாட்டுல தாவட்டும். அப்புறம் நீ வீசு. மொதல்ல மெதுவா, நெஞ்சுக்கு நேரா. வேர்க்க ஆரம்பிச்சதும் வலது, இடது, தலைக்கு மேல. எங்க வீசப்போறன்னு கண்ணால காட்டாத. மூச்சு வாங்கினா நிறுத்து, களைச்சிடக் கூடாது. கார் வந்தாத்தான் வரிசைக்கு அனுப்பணும்.

— ஒரு கையில போன வெச்சிக்கினு எப்டிடி வீசுறது?

— கட் பண்ணிட்டு ரெண்டு கையாலயும் வீசும்மா!

* * *

— அம்மா! எத்தினி வாட்டி அடிக்கறது? இன்னா ஆச்சி?

— கத்தாதடி, இங்க காது கேக்கல. ஆட்டம் முடிஞ்சிடிச்சி. ரெண்டு பக்கமும் ஒரு கோலுகூட இல்ல.

— ரோஜா கோலே வுடலையா?

— மொத நிமிஷமே எதிர் டீமு செகப்பு சட்டைக்காரி ஒருத்தி தலைக்கு மேல தூக்கி அடிச்சா. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துது, கண்ண மூடிக்கினேன். ஜனம் ஓன்னு கத்துச்சி. தொறந்து பாத்தா, நம்ம குட்டி அந்தரத்துல தொங்குறா! விரல் நுனியால அப்டியே மேல தள்ளி வுட்டுட்டா.

— மொத நிமிஷத்துலயா! அம்மா, அதே மாதிரி பந்துதாம்மா எனக்கு உள்ள போனது.

— அழுவாதடி. இப்ப ஆளுக்கு அஞ்சு அடிக்கணுமாம், கீப்பரு மட்டும் எதுர்ல நிக்கணுமாம்.

— பெனால்டி! ரோஜா இன்னா பண்றா இப்ப?

— தவள மாதிரி குதிச்சிக்கினே இருக்கா. நான் சொல்லல, அவளேதான்.

— ஏம்மா பொண்ணு, நான் கண்டக்டரு. டயர் மாட்டியாச்சி, ஆனா ஒருத்தரும் வண்டியில ஏற மாட்டேன்றாங்க. போன ஸ்பீக்கர்ல போடு, எல்லாருந்தான் கேக்கட்டுமே.

— போட்டுட்டேங்க அண்ணா. அம்மா, சொல்லு, பஸ்ஸே கேக்குது!

— ஐயையோ, பஸ்ஸா? நம்ம பொண்ணு அடிச்சா… அந்த கீப்பரு புடிச்சிட்டா. அவங்க அடிக்கறாங்க… ரோஜா தட்டிட்டா! காலால தட்டிட்டா!

— அண்ணா, மொத ரெண்டும் உள்ள போகல!

— செகப்பு சட்ட கீப்பரும் லேசுப்பட்டவ இல்லடி. குட்டையா இருக்கா, ரப்பர் பந்து மாதிரி எகிறுறா. தோ, அஞ்சு அஞ்சு முடிஞ்சிடிச்சி. ரெண்டுக்கு ரெண்டு.

— அவ எப்டிம்மா அந்த எகிறு எகிறுறா? அவளும் வெயில்ல நின்னவதான?

— அ… அது எனக்கின்னாடி தெரியும்? தோ, ஆறாவது. நம்மளது… புடிச்சிட்டா பாவி! அவங்களது… ரோஜாவும் புடிச்சிட்டா! மார்ல கட்டிக்கினா!

— அம்மா, இனிமே ஒண்ணு ஒண்ணா போவும். நாம போட்டு அவங்க வுட்டா கப்பு நமக்கு.

— நம்ம பொண்ணு ஓடறா. அடிச்சா. அவ கையில பட்டுது… பட்டு உள்ள போய்டிச்சி! உள்ள! இப்ப அவங்க. நெட்டச்சியா ஒருத்தி வர்றா. ஐயோ சித்ரா, நான் பாக்க மாட்டேன்.

— பாரும்மா! கண்ண மூடாத!

— பாக்கறேன், பாக்கறேன். அவ மூலைக்கு அடிச்சா, ஒசரத்துல… ரோஜா… ரோஜாடி! ஒத்தக் கையாலடி! தாவி மூலைக்கே போய்ட்டாடி! ஜெயிச்சிட்டாங்க! புள்ளைங்க எல்லாம் அவ மேல வுழுந்து கெடக்குதுங்க! அது இன்னா அங்க சத்தம்?

— பஸ்ஸும்மா! டிரைவரு ஹாரனை அமுக்கிக்கினே இருக்காரு! கண்டக்டர் அண்ணா விசில் ஊதுறாரு!

— ஊதச் சொல்லு! இன்னும் நல்லா ஊதச் சொல்லு! இரு, பச்சைமுத்து சாரு போனக் கேக்கறாரு.

— சித்ராம்மா, சந்தோஷம். நம்ம ஸ்கூலுக்கு மொத கப்பு. ஆனா பாயிண்ட்டு இன்னான்னா, அது அவ பொறவித் தெறம. டேங்குக்குப் பின்னால குதிச்சதாலன்னு காலேஜில எழுதிக் கிழுதி வெச்சிடாத. அந்த டீம் கீப்பரப் பாரு, கலையரசின்னு பேரு. அவளும் நம்ம பொண்ணு கணக்கா தடுத்தா. அவ எங்க குதிச்சா? அம்பது நிமிஷம் வரிசையில நின்னவதான? அதுக்கு இன்னா சொல்ற?

— அதத்தான் நானும் அம்மாகிட்ட கேட்டேன் சாரு. தெரியாதுன்னுட்டாங்க.

— போனக் குடுங்க சாரு. சித்ரா, நீ என்ன வைய மாட்டன்னா சொல்றேன். சாரு, நீங்களும் கேளுங்க. நீங்க எல்லாம் காரு வருதான்னு ரோட்டப் பாத்துக்கினு இருந்தீங்க. அந்தக் கலையரசி பொண்ணு வரிசைக் கடைசியில வெயில்ல காஞ்சிக்கினு இருந்துது. ரோஜாதான், “நீயும் வாடி”ன்னு கூப்ட்டா. டேங்குக்குப் பின்னால ரெண்டு பேருக்கும் நான்தான் மாத்தி மாத்தி வீசினேன்.